பதினோரு ஊர், ஒரே மூச்சு

மைத்துனன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்ததுமே செக்கருக்குத் தெரிந்துவிட்டது, அடுத்து வரப்போவது பொய் என்று.

"அக்கா சூப்பரா இருக்கா மாமா. காலையில எழுந்து வார்டு முழுக்க ஒரு சுத்து நடந்தா. நர்ஸெல்லாம் கை தட்டுனாங்கன்னா பாத்துக்கோங்க."

தீவிர சிகிச்சை அறைக்குள் வரும் எல்லாரையும் போல அவனும் முகக்கவசமும் தொப்பியும் நீல அங்கியுமாக நின்றிருந்தான். கண்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன. கவசத்துக்குள் விடுகிற மூச்சு கண்ணாடியில் ஆவியாகப் படிகிறது, அதைத் துடைக்கிறான் என்று வேறு யாராவது நினைத்திருப்பார்கள். ஆனால் அவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். ஆவி படியாமல் இருக்க என்ன தடவ வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்பவன். அவன் கண்ணாடியைக் கழற்றுவது எதிராளியின் முகம் தனக்கு மங்கலாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான். பதினெட்டு வருஷப் பழக்கத்தில் செக்கர் இதைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

செக்கர் என்பது அவர் பெயரல்ல. ஆனால் டிப்போவிலும் தெருவிலும் சொந்தபந்தங்களிலும், ஆஸ்பத்திரி அட்டையைத் தவிர மற்ற எல்லா இடத்திலும், அவருக்கு அதுதான் பெயர். இருபத்தாறு வருஷமாகப் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதிப்பவர். நடுவழியில் கை காட்டி வண்டியை நிறுத்தி, படியில் கால் வைக்கும்போதே உள்ளே இருக்கும் ஐம்பது முகங்களில் டிக்கெட் இல்லாத முகம் எது என்று சொல்லிவிடுவார். இல்லாதவன் ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்ப்பான் என்றுதான் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். அதெல்லாம் கத்துக்குட்டிகள் செய்வது. கைதேர்ந்தவன் செக்கரைப் பார்த்துச் சிரிப்பான். கேட்பதற்கு முன்பே சட்டைப்பையைத் துழாவுவான். எந்த நிறுத்தத்தில் ஏறினேன் என்று தானாகவே சொல்லுவான். நர்ஸுகள் கை தட்டினார்களா என்று செக்கர் கேட்கவே இல்லை.

"நல்லா இருக்கான்னா ஏன்டா என்னைப் பாக்க வரல?"

"இன்ஃபெக்ஷன் ஆயிடும்னு விட மாட்டேங்கறாங்க மாமா."

"நீ வந்து நிக்கறியே. உனக்கு மட்டும் இன்ஃபெக்ஷன் கிடையாதா?"

மணி ஆகிவிட்டது என்று நர்ஸ் வந்து அவனைக் காப்பாற்றினாள்.

இப்போது செக்கரின் வயிற்றுக்குள் வலது பக்கத்தில் இருப்பது அவருடைய மனைவியின் கல்லீரலில் பாதிக்கும் மேல். அவருடையது சுருங்கிக் கல்லாகிப் போயிருந்தது. எப்போதோ ரத்தத்தில் நுழைந்த ஒரு வைரஸ் சத்தமில்லாமல் அரித்த வேலை அது. வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்ததில்லை அவர். ஆனாலும் ஈரல் கெட்டுப்போச்சு என்று கேள்விப்பட்ட ஒவ்வொருவரும் அவரை ஏற இறங்கப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது டிக்கெட் வைத்திருப்பவனை வண்டியிலிருந்து இறக்கிவிடுவதுபோல் இருந்தது. கடைசியில் அவள்தான் சொன்னாள்: "வெட்டிக் கொடுத்தா வளர்ந்துடுமாமே. அப்புறம் என்ன?" ஏதோ முடி வெட்டுகிற காரியம் போல.

அவள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். வண்டி புறப்படும் நேரத்தையும் வழியில் வரும் ஊர்களையும் ஒலிபெருக்கியில் சொல்கிறவள். மலைப் பக்கம் போகும் வண்டிக்குப் பதினோரு ஊர். மற்ற அறிவிப்பாளர்கள் நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்குவார்கள். அவள் மட்டும் பதினோரு ஊரையும் ஒரே மூச்சில் சொல்லி, 'விரைவில் புறப்படும்' என்பதையும் அதே மூச்சில் முடிப்பாள். கல்யாணத்துக்கு முன்னால் அந்தக் குரலைத்தான் அவர் முதலில் பார்த்தார். பார்த்தார் என்றுதான் அவரும் சொல்லுவார். முகம் பார்த்தது அதற்கு எட்டு மாதம் கழித்து.

நினைவு திரும்பி மூன்று நாளாகியும் அந்தக் குரல் வரவில்லை. இறந்துவிட்டாளோ என்று முதல் நாளே அவருக்குத் தோன்றிவிட்டது. உறுப்பு கொடுப்பவர்களுக்கும் ஆயிரத்தில் இத்தனை பேருக்கு ஆபத்து உண்டு என்று கையெழுத்து வாங்கும்போதே டாக்டர் சொல்லியிருந்தார். நர்ஸிடம் கேட்டால் "நல்லா இருக்காங்க சார்" என்பாள். டாக்டரிடம் கேட்டால் "முதல்ல உங்களைப் பார்ப்போம்" என்பார். தரை துடைக்க வந்த அம்மாவிடம்கூடக் கேட்டுப் பார்த்தார். எல்லாரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்ட மாதிரி நழுவியதுதான் அவருக்கு இன்னும் உறுத்தியது.

நான்காம் நாள் மைத்துனன் போனில் ஒரு குரல் பதிவைக் கொண்டுவந்தான். கவரில் சுற்றிய போனை நர்ஸ் அவர் காதருகே பிடித்தாள்.

"என்னங்க... நான் நல்லா... இருக்கேன். நீங்க... டாக்டர் சொன்னதைக் கேட்டு... ஒழுங்கா இருங்க."

உயிரோடு இருக்கிறாள். செக்கர் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணின் ஓரத்தில் ஈரம் கசிந்தது. பிறகு "இன்னொரு தடவை போடுங்க" என்றார். மூன்றாம் தடவை கேட்டபோது ஈரம் காய்ந்திருந்தது. பதினோரு ஊரை ஒரே மூச்சில் சொல்கிறவள் இரண்டு சொல்லுக்கு ஒரு தரம் நிற்கிறாள். அந்த இடைவெளிகளில், குரலுக்குப் பின்னால், மெல்லிய ஒரு சீறல். எங்கே கேட்ட சத்தம் என்று அவர் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அவருடைய மூக்கிலும் அதே குழாய்தான், அதே சீறல்தான்.

"வார்டு முழுக்க நடந்தாளா?" என்றார் மைத்துனனிடம். "ஆக்சிஜன் சிலிண்டரை இடுப்புல கட்டிக்கிட்டா?"

மைத்துனன் கண்ணாடியைக் கழற்றினான்.

"கழட்டாதே. மாட்டிக்கிட்டுச் சொல்லு."

அவன் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே போய்விட்டான்.

அன்று மாலையே செக்கருக்குக் காய்ச்சல் வந்தது. படுக்கையருகே இயந்திரத்தைக் கொண்டுவந்து எடுத்த மார்புப் படத்தில் வலது பக்கத்தின் அடி வெள்ளையாக இருந்தது. மூக்குக் குழாய் போதாது என்று முகம் முழுக்க மூடும் கவசம் மாட்டினார்கள். "சளி வெளியே வராட்டி மறுபடியும் தொண்டைக்குள்ள குழாய் போட வேண்டியிருக்கும்" என்று டாக்டர் நர்ஸிடம் தாழ்ந்த குரலில் சொன்னது அவர் காதில் விழுந்தது. காதில் விழட்டும் என்றே சொன்னாரோ என்று அதையும் சந்தேகப்பட்டார்.

மறுநாள் காலை மூச்சு டீச்சர் வந்தார். மூச்சுப் பயிற்சி கொடுக்கும் அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. அந்தப் பெயரை வைத்தது பக்கத்து அறை நோயாளி. தினம் மூன்று வேளை வந்து, தலைமாட்டை உயர்த்தி உட்காரவைத்து, மூன்று பந்துகள் உள்ள பிளாஸ்டிக் கருவியைக் கையில் கொடுத்து இழுக்கச் சொல்லுவார். ஆபரேஷனுக்கு ஆறு வாரம் முன்பே செக்கருக்கும் மனைவிக்கும் ஆளுக்கொன்று கொடுத்துப் பழகச் சொன்னவரும் அவர்தான்.

"இன்னிக்கு உங்க கூட்டாளிங்க சும்மா படுத்திருக்காங்களே சார்," என்றார் பந்துகளைக் காட்டி.

"என் சம்சாரத்தைக் காட்டுங்க. அப்புறம் இழுக்கறேன்."

"இது பேரம் பேசற விஷயமா சார்? கல்லீரல் எங்க இருக்கு, நுரையீரலுக்கு நேர் கீழ. நடுவுல ஒரு சதைத் தடுப்பு, அவ்வளவுதான். கீழ வெட்டி ஒட்டியிருக்கோம். வலிக்கும். வலிக்குதுன்னு மேலோட்டமா மூச்சு விடுவீங்க. அடி நுரையீரல் விரியாது. விரியாத இடத்துல சளி தேங்கும், கிருமி குடியேறும். புது ஈரலை உடம்பு விரட்டக்கூடாதுன்னு உங்க எதிர்ப்புச் சக்தியை நாங்களே மருந்து கொடுத்துக் கட்டிப் போட்டிருக்கோம். கிருமியோட சண்டை போட உள்ள ஆள் இல்ல. நீங்கதான் இருமித் துப்பணும்."

செக்கர் சுவரைப் பார்த்தார். மூச்சு டீச்சர் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அந்த அறையில் யாரும் உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை.

"சார், நான் ஒண்ணு கேக்கவா? சிகரெட்டை எப்போ நிறுத்துனீங்க?"

"ரெண்டு மாசம் ஆச்சு. ஃபைல்லயே எழுதியிருக்குமே. வேணும்னா என் மச்சானைக் கேளுங்க, என் வீட்டுல கேளுங்க."

சொல்லி முடித்ததும் அவருக்கே அது கேட்டது. ஃபைலைப் பற்றி அந்தப் பெண் கேட்கவில்லை. சாட்சி யாரும் கேட்கவில்லை. போதாதற்குத் தான் சிரித்துக்கொண்டு வேறு இருந்ததை, கவசத்தின் ரப்பர் விளிம்பு கன்னத்தில் அழுந்தியபோது உணர்ந்தார். இருபத்தாறு வருஷத்தில் எத்தனை பேரை இந்தச் சிரிப்புக்காகவே இறக்கிவிட்டிருக்கிறார்.

"எழுதியிருக்கு," என்றார் மூச்சு டீச்சர். "உங்க நெஞ்சுல தேங்கியிருக்கற சளியைப் பார்த்தா ரெண்டு மாசம்னு தோணல. அதான் கேட்டேன். உண்மை தெரிஞ்சா டாக்டர் மருந்தை அதுக்குத் தகுந்த மாதிரி மாத்துவார்."

டிப்போவுக்குப் பின்னால் தேய்ந்த டயர்களை அடுக்கி வைத்திருக்கும் இடம் செக்கரின் நினைவுக்கு வந்தது. நாளைக்கு இரண்டு சிகரெட். பத்தரைக்கு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று. முடித்ததும் மெக்கானிக்குகள் கிரீஸ் கழுவும் சோப்பால் முழங்கை வரை இரண்டு தரம் கழுவி, வாய் கொப்பளித்து, சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு வருவார். நிறுத்தினால்தான் ஆபரேஷன் என்று டாக்டர் சொன்ன அன்று, "சத்தியமா நிறுத்திட்டேன்" என்று அவர் சொன்னதைக் கேட்ட பிறகுதான் மனைவி தன் கையெழுத்தைப் போட்டாள்.

"நான் சொன்னா, அவ எப்படி இருக்கான்னு நீங்க சொல்வீங்களா?"

"சொல்ல வேண்டாம்னு அவங்க எங்கிட்ட கேட்டுக்கிட்டிருக்காங்க. நான் போய் அனுமதி கேக்கறேன். கொடுத்தாதான் சொல்லுவேன். இப்பவே வாக்கு கொடுக்க மாட்டேன்."

அந்தப் பதில்தான் அவரை அசைத்தது. ஐந்து நாளில் அவர் கேட்ட முதல் டிக்கெட் உள்ள பதில்.

"ஆபரேஷனுக்கு ஒன்பது நாள் முன்ன வரைக்கும்," என்றார். "தினம் ரெண்டு."

மூச்சு டீச்சர் தலையசைத்தார். ஐயோ என்று சொல்லவில்லை, திட்டவில்லை. சட்டைப்பையிலிருந்த சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார்.

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நான் சொல்ல மாட்டேன். அது என் வேலை இல்ல."

இருபது நிமிஷம் கழித்துத் திரும்பி வந்தார். கையைக் கழுவி, ஸ்டூலில் உட்கார்ந்து, நேராக ஆரம்பித்தார். அவளுக்கு வலது நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துவிட்டது. அடிப்பகுதி சுருங்கிவிட்டது. நேற்று விலா இடுக்கில் குழாய் வைத்து நீரை வடித்திருக்கிறார்கள். ஆபத்துக் கட்டம் இல்லை, ஆனால் இன்னும் ஆக்சிஜனில்தான் இருக்கிறாள். நடக்கவில்லை. நேற்றுதான் முதன்முதலாகக் கட்டில் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தாள்.

"மூச்சுக்கே பேர்போனவளாச்சே," என்றார் செக்கர். "ஆறு வாரமும் மொட்டைமாடியில உட்கார்ந்து தப்பாம பயிற்சி பண்ணா. அவளுக்கு ஏம்மா இப்படி?"

"வலிதான் காரணம். கையில ஒரு பட்டன் கொடுத்திருந்தோம். வலிச்சா அமுக்கணும், மருந்து தானா உள்ள போகும். ரெண்டு நாளா ஒரு தடவைகூட அவங்க அமுக்கல. கேட்டா வலியே இல்லைன்னு சிரிச்சாங்க. வலியை அடக்கிக்கிட்டு, அசையாம, மேல் மூச்சா விட்டுட்டுப் படுத்திருக்காங்க. மெஷின்ல எண்ணிக்கையைப் பார்த்தப்பதான் தெரிஞ்சுது. வலி மருந்து ஈரலைத் தின்னுடும், மிச்சம் இருக்கற ஈரலையாவது காப்பாத்திக்கணும்னு யாரோ அவங்ககிட்ட சொல்லியிருக்காங்க. நாங்க கொடுக்கற மருந்து அளவு பார்த்துத்தான் கொடுக்கறோம். யார் சொன்னதுன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க."

செக்கரின் படுக்கையருகே மானிட்டர் சிணுங்கியது. நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"நான்தான்," என்றார்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலையில், பெட்டியின் ஜிப்பை இழுத்துக்கொண்டே சொன்னது. கொடுக்கறதை எல்லாம் அப்படியே முழுங்கிடாதே, என்ன ஏதுன்னு கேளு, வலி மாத்திரை எல்லாம் ஈரலைத் தின்னுடும், இவங்க எல்லாரையும் நம்பிட முடியாது. வழக்கமாகச் சொல்வதுதான். பால் பாக்கெட்டின் தேதியிலிருந்து பக்கத்து வீட்டுக்காரரின் தலைவலிவரை எதையும் அவர் நம்பியதில்லை. அவளும் "சரி சரி" என்று காதில் போட்டுக்கொள்ளாத மாதிரிதான் தலையாட்டுவாள். அன்றைக்குப் பார்த்துக் காதில் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

மூச்சு டீச்சர் அவரைப் பார்த்தார். அந்தப் பெண்ணின் முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும். அதில் என்ன இருந்தது என்று செக்கரால் படிக்க முடியவில்லை.

"உங்களுக்கு ஒரு சேதி சொல்லச் சொன்னாங்க. விசாரணையை விட்டுட்டு முதல்ல இருமச் சொல்லுங்கன்னாங்க."

அவர் சிரிக்கப்போனார். சிரிப்பு தையலைச் சுண்டி இழுத்து இருமலாகத் திரும்பியது. மூச்சு டீச்சர் சட்டென்று அவர் கவசத்தை விலக்கி, ஒரு தலையணையை அவர் வயிற்றில் வைத்து, அவர் கைகளை அதன்மேல் அழுத்தி, "கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருமுங்க, விடாதீங்க" என்றார். உயிரே கிழிந்து வருவதுபோல் இருந்தது. நான்காவது இருமலில் பழுப்பும் பச்சையுமாகக் கெட்டியாக ஏதோ வந்து கிண்ணத்தில் விழுந்தது. மூச்சு டீச்சர் அதைப் புதையல் போல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

அதற்குப் பிறகு செக்கர் சொன்னதைச் செய்தார். மணிக்குப் பத்துத் தடவை பந்தை இழுத்தார். வேளாவேளைக்கு வாய் கொப்பளித்தார். வாயிலிருக்கும் கிருமிதான் நழுவி நெஞ்சுக்குள் இறங்குகிறது என்று சொல்லியிருந்தார்கள். வலித்தால் வலிக்கிறது என்று சொன்னார். முதலில் நாற்காலியில் அரைமணி, பிறகு கட்டிலைச் சுற்றி, பிறகு வாசல்வரை. நரம்பில் ஏற்றும் நீரை அளந்து ஏற்றினார்கள். அதிகமானால் நுரையீரல்தான் ஊறும் என்றார் டாக்டர். மருந்தை மாற்றிய மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஆறாம் நாள் எடுத்த படத்தில் வெள்ளை பாதியாகக் குறைந்திருந்தது. ஏன் குறைந்தது, யாருடைய படத்தையாவது மாற்றிக் காட்டுகிறார்களா என்று கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டார். மைத்துனன் வந்தபோது அவன் கண்ணாடியைக் கவனிக்காமல் இருக்க மெனக்கெட்டார். "அக்கா இன்னிக்கு பத்தடி நடந்தா மாமா" என்றான் அவன். பத்தடி என்பது நம்பும்படியாக இருந்தது.

ஆபரேஷன் முடிந்த பன்னிரண்டாம் நாள் பிற்பகல், மூச்சு டீச்சர் ஒரு பக்கமும் மைத்துனன் மறுபக்கமுமாக அவரை நடத்திக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவள் இருந்த வார்டுக்கு நீளமான ஒரு தாழ்வாரம். நடுவில் இரண்டு தரம் நாற்காலியில் உட்கார வேண்டியிருந்தது. அவர் மனதில் அவள் முகத்தைப் பற்றிய கவலை இல்லை. எப்படிச் சொல்வது என்பதை மட்டும் ஓட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். சொல்லாமல் விட்டுவிட்டால் என்ன என்றும் ஒருமுறை தோன்றியது. மூச்சு டீச்சர் சொல்ல மாட்டார். வேறு யாருக்கும் தெரியாது. டயர்களுக்குத் தெரியும்.

அவள் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மற்ற இருவரும் திரைக்கு அப்பால் நின்றுகொண்டார்கள்.

"என்னங்க இது... பாதியாயிட்டீங்க."

"மிச்சப் பாதி உன்னுதுதானே."

அவள் சிரிக்கப் பார்த்து, வலது விலாவைப் பிடித்துக்கொண்டாள். அங்கிருந்து ஒரு குழாய் கட்டிலுக்குக் கீழே இறங்கி, தரையில் நிறுத்தியிருந்த கண்ணாடி ஜாடிக்குள் போயிற்று. ஜாடியில் கொஞ்சம் தண்ணீர். குழாயின் நுனி அந்தத் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தது. அவள் மூச்சை இழுக்கும்போது குழாய்க்குள் தண்ணீர் ஒரு விரல் அளவுக்கு மேலே ஏறியது. விடும்போது இறங்கியது. ஏறியது, இறங்கியது.

"வலி மருந்து வேண்டாம்னு நான் சொன்னது தப்பு," என்றார்.

"டீச்சர் நல்லா வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்க. இப்பல்லாம்... அமுக்கறேன்."

"இன்னொண்ணு இருக்கு."

இருபத்தாறு வருஷமாக முகங்களைப் பார்த்தே பிழைத்தவர், எதிரில் இருந்த முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் ஜாடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நான் சிகரெட்டை நிறுத்தல. ஆபரேஷனுக்கு ஒன்பது நாள் முன்ன வரைக்கும் பிடிச்சேன். டிப்போவுக்குப் பின்னால. நீ கையெழுத்துப் போட்ட அன்னிக்குக்கூட. நீ மாடியில உட்கார்ந்து மூச்சு இழுத்துக்கிட்டிருந்த நாளெல்லாம்."

குழாய்க்குள் ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் பாதியில் நின்றது. வெளியே தாழ்வாரத்தில் சக்கரம் கிறீச்சிட ஏதோ வண்டி போயிற்று. தண்ணீர் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. செக்கர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தபடி இருந்தார். பிறகு, மிக மெதுவாக, அது மேலே ஏறத் தொடங்கியது. முன்பு ஏறிய ஒரு விரல் அளவைத் தாண்டி, இரண்டு விரல் அளவையும் தாண்டி, பதினோரு ஊரையும் சொல்லத் தொடங்குமுன் அவள் இழுக்கும் மூச்சைப் போல இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.